சுகலதா புத்ரனும் சகலத்துக்கும் தலையாட்டியவனும்

சுகலதா புத்ரன் என்ற பெயரைக் கேட்டதும் ‘யாருடைய புத்திரன்?’ என்று கேட்காத ஊர் மங்களூர் ஒன்றுதான். அங்கே புத்ரன் என்பது மீனவர்களான மொகவீரர்களின் குடும்பப் பெயர். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். பெங்களூரில் அவள் வேலைக்குச் சேர்ந்த பெரிய கம்பெனியில் அடையாள அட்டையில் ‘திரு’ என்று போட்டுக் கொடுத்தார்கள். தான் ஒரு பெண் என்று விளக்கி எழுதிப் போட்டாள். மிகவும் வருந்துகிறோம் என்ற பதிலோடு ‘திரு சுகலதன்’ என்று புது அட்டை வந்தது. மறுபடி எழுதினால் மீசையும் வரைந்து அனுப்புவார்கள் என்று பயந்து, நாலு வருஷமும் சுகலதனாகவே இருந்துவிட்டாள்.

பெங்களூரை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்பவர்களிடம் அவள் சொல்லும் காரணம் மீன். அந்த ஊரில் ஐஸ் பெட்டியில் கிடந்த அயிலை மீனைப் பார்த்து, துக்கம் விசாரிக்க வேண்டும் போலிருந்ததாம். அவள் அம்மா பந்தர் துறையில் மீன் விற்கிறவள். வாய் பேசினால் எதிரே நிற்பவன் அவள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு ஓடுவான். அந்த வாய் மகளுக்கும் அப்படியே வந்திருந்தது. பெங்களூரில் அதற்குத் தீனி இல்லை. யாரைத் திட்டினாலும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்றார்கள்.

ஊருக்கு வந்து, பந்தர் சாலையில் வலைக்கடைக்கு மேலே இருந்த வெங்கடேச கினியின் கம்பெனியில் சேர்ந்தாள். மென்பொருள் கம்பெனி. மழைக்காலத்தில் கீழே இருந்து நைலான் வலை வாசனையும் மேலே ஓட்டிலிருந்து தண்ணீரும் வரும். கினிக்கு அறுபது வயது. ஊர் முழுக்க அவரைக் கினி மாம் என்றுதான் கூப்பிடும். கொங்கணிக்காரர்களில் கொஞ்சம் வயதானவர் எல்லோருமே அங்கே மாம், அதாவது மாமாதான். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது அதை அணைப்பது. ஆனால் வாடிக்கையாளர் யார் வந்து எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் பதில் ஒன்றே: ‘ஆயித்து.’ ஆச்சு, முடிந்தது, கவலையை விடு என்று பொருள். ஆஸ்பத்திரிக்காரன் வந்து, நோயாளி வருவதற்கு முந்தின நாளே பில் போட முடியுமா என்றான். கினி மாம் ‘ஆயித்து’ என்றார். அந்த ஆயித்துகளையெல்லாம் உண்மையாக்குவது சுகலதாவுக்கும் ராய்ஸ்டன் மெனேசஸுக்கும் வேலை. ராய்ஸ்டன் பக்கத்து ஊரான பஜ்பெக்காரன். அவளைவிட ஒரு வயது இளையவன். நல்ல மூளை, ஆனால் பன்றிக்கறி விருந்துக்கு அடுத்த நாள் அது வேலைக்கு வராது.

அந்த வருஷம் மழை விட்ட கையோடு கினி மாம் யக்ஷகானக் கூத்து ஆடும் ஒரு குழுவுக்கு ஆயித்து சொல்லிவிட்டு வந்தார். பெரிய குழு. தீபாவளி முடிந்ததும் கிளம்பினால் மே மாதம் வரை தினம் ஒரு ஊரில் ஆட்டம். எல்லாம் நேர்ச்சை ஆட்டம். பிள்ளை பிறந்தால், நோய் தீர்ந்தால் ஆட்டம் வைப்பதாக வேண்டிக்கொண்டவர்கள் வருஷக்கணக்கில் தவம் கிடந்து தேதி வாங்குவார்கள். மேனேஜர் தனியப்ப பூஜாரி இந்த விவரங்களையெல்லாம் இத்தனை வருஷம் தலையிலேயே வைத்திருந்தார். தலைக்கு வயதாகிவிட்டது என்று அவரே சொன்னதால் மென்பொருள் கேட்டார்கள். தினம் காலையில் அவர் போனுக்கு இன்று யார் ஆட்டம், எந்த ஊர், வழி எது என்று ஒரு செய்தி போகவேண்டும். அவ்வளவுதான்.

நிரல் எழுதுகிறவர்கள், எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க இன்னொரு நிரல் எழுதுவார்கள். அதற்கு டெஸ்ட் என்று பேர். ஒரு ஆட்டத்தைப் பதிவு செய்தால் இன்ன பேர், இன்ன தேதி, இன்ன ஊர் என்று வெளியே வரவேண்டும் என எழுதி வைப்பது. வந்தது அதற்குச் சமமா என்று பார்ப்பது. சமமென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சமம் என்ற அந்தக் குறி இருக்கிறதே, அதற்கு இங்கிதமே கிடையாது. பதிவு எண் ஒவ்வொரு தடவையும் புதிதாக முளைக்கும். பதிவு செய்த நேரம் ஒரு நொடி நகர்ந்திருக்கும். ஊர்ப் பெயரை ஒருத்தன் குக்குபெட்டு என்பான், இன்னொருத்தன் குக்குபெட்டுவு என்பான். ஒரு எழுத்து பிசகினாலும் சிவப்பு. தினமும் காலையில் திரை மீன் செவுள் மாதிரி சிவந்து கிடந்தது. ராய்ஸ்டனுக்குத் தெரிந்த வைத்தியம், சிவந்த டெஸ்டைத் தூக்கிக் கடாசுவது.

சுகலதா வேறு வழி கண்டாள். எதிர்பார்க்கும் பக்கத்தில் ஒரு நேரான எண்ணையோ நேரத்தையோ எழுதாமல், அந்த இடத்தில் ஒரு சின்ன ஆளை உட்கார வைத்தாள். ‘நீயும் இதுவும் சமமா?’ என்று கேட்டால் அந்த ஆள் தன் விதிப்படி யோசித்துப் பதில் சொல்வான். ஒருவன், வந்தது எந்த எண்ணாக இருந்தாலும் சமம் என்பான். எழுத்து வந்தால் மாட்டேன் என்பான். ஒருவன், இப்போதைய நேரத்திலிருந்து சில நொடி தள்ளி இருந்தால் பரவாயில்லை என்பான். நேற்றைய நேரத்தை நீட்டினால் விரட்டுவான். திரை பச்சையானது. ராய்ஸ்டன் எழுந்து நின்று கைதட்டினான். அன்று மத்தியானம் எல்லோருக்கும் மங்களூர் போண்டாவான கோளிபஜெ அவன் செலவு.

கடைசியாக இன்னொரு ஆளையும் செய்தாள். எதைக் காட்டினாலும், எண்ணோ எழுத்தோ வெற்றிடமோ, ‘சமம்தான்’ என்று சொல்லிவிடுபவன். என்ன வந்தாலும் நமக்குக் கவலையில்லை என்ற இடங்களுக்கு மட்டும். அவனுக்குப் பெயர் வைக்க அவள் ரொம்ப யோசிக்கவில்லை. ஆயித்து என்று வைத்தாள். ராய்ஸ்டன் சிரித்த சிரிப்பில் கீழே வலைக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மாடி ஏறி வந்துவிட்டார்.

அந்தப் பயலை வைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்தது. எங்கே சிவந்தாலும் ஆயித்துவைப் போட்டால் பச்சை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெயர்ச் சிக்கலுக்குச் சுகலதா தனியாக ஒரு ஆளைச் செய்வதாக இருந்தாள், எழுத்து முன்னே பின்னே இருந்தாலும் அதே ஊர்தானா என்று பார்ப்பவனாக. நேரமில்லை. இப்போதைக்கு ஆயித்து இருக்கட்டும் என்று அவளே, அவள் கையாலேயே, ஊர் என்ற இடத்தில் அவனை உட்கார வைத்தாள். அடுத்த வாரம் மாற்றலாம் என்றுதான் நினைத்தாள். அந்த அடுத்த வாரம் வரவில்லை. ராய்ஸ்டனும் தன் பங்குக்கு அள்ளித் தெளித்தான்.

குழு கிளம்பியது. ஒரு மாதம் அமோகமாகப் போனது. தனியப்ப பூஜாரி போனைப் பார்ப்பார், லாரிக்காரனுக்கு வழி சொல்வார், போய்ச் சேர்வார்கள். நடுவில் ராய்ஸ்டன் முகவரிப் பகுதியைத் திருத்தி எழுதினான். எல்லா டெஸ்டும் பச்சை. திருத்தியதை அப்படியே ஓடவிட்டார்கள்.

டிசம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, சங்கப்ப ரையின் ஆட்டம். ரை காட்டு இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நகரத்தில் கத்ரி பக்கம் ஆறு மாடிக் குடியிருப்பில் மகனோடு இருந்தார். பேத்தி பிழைக்க வேண்டிக்கொண்டு, ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த தேதி. ஆட்டம் பூர்வீக வீடு இருக்கும் குக்குபெட்டுவில். பெள்தங்கடி தாண்டி மலையடிவாரம். மூன்று நாள் முன்பே குடும்பத்தோடு போய்ப் பந்தல் போட்டு, ஊரையே சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

மத்தியானம் மூன்று மணிக்கு லாரியைக் காணோம் என்று தனியப்ப பூஜாரிக்குப் போன் போட்டார்.

“எங்கேப்பா இருக்கீங்க?”

“உங்க வீட்டு வாசல்லதான் ரையரே.”

“என் வீட்டு வாசல்ல நான்தான் நிக்கிறேன். நீ இல்லையே.”

தனியப்ப பூஜாரி நிமிர்ந்து ஆறு மாடியையும் ஒரு தடவை பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார். லாரி நின்றது கத்ரி குடியிருப்பின் கார் நிறுத்தத்தில். மேடைப் பலகை பாதி போட்டாகிவிட்டது. வேஷப் பெட்டிகள் லிஃப்ட் பக்கத்தில் இறங்கியிருந்தன. நடிகர்கள் வந்த பேருந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. குழுவின் பிள்ளையாரைக் காவலாளியின் அறையில் எழுந்தருளச் செய்து விளக்கும் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த போன் கினி மாமுக்கு வந்தது. அவர் பழக்க தோஷத்தில் ‘ஆயித்து’ என்று சொல்லி வைத்துவிட்டு, பிறகுதான் முகம் வெளுத்துச் சுகலதாவைக் கூப்பிட்டார். அவள் ஐந்து நிமிஷத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தாள். ராய்ஸ்டன் திருத்தியதில், ஆட்டம் நடக்கும் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் பதிவு செய்தவரின் வீட்டு முகவரி போய் உட்கார்ந்துவிட்டது. இதுவரை ஆட்டம் வைத்தவர்கள் எல்லோரும் இருக்கும் ஊரிலேயே வைத்ததால் வெளியே தெரியவில்லை. டெஸ்ட் என்ன செய்தது என்று பார்த்தாள். அந்த இடத்தில் ஆயித்து சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், வைத்தது யார் என்று அவள் பெயர்.

ராய்ஸ்டன் எட்டிப் பார்த்து, தப்பு தன்னுடையது என்றான். அவள் சொன்னாள், “நீ தப்பு பண்ணுவேன்னுதானே மாராயா டெஸ்டே எழுதறோம். அதுக்குக் காவல் வச்சது நான். ஸ்கூட்டரை எடு.”

கத்ரிக்குப் போனால், ஆட்டம் பார்க்க ஆறு மாடியும் இறங்கி வந்திருந்தது. முன்வரிசை நாற்காலிக்குச் சண்டையே நடந்து முடிந்திருந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஃப்ளேவியா ரேகோ, ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர், கழுத்தில் விசிலோடு லாரியை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். ரை ரகசியமாக ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்து, போன் கிடைக்காததால் தானே அனுமதி கொடுத்து, ஒலிபெருக்கியிலும் சொல்லிவிட்டாராம். சுகலதா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“வந்தது வந்தாச்சு. இங்கேயே ஆடட்டுமே. ரையும் இந்த வீட்டுக்காரர்தானே?”

“அவர் சாமிகிட்ட வேண்டிக்கிட்டது அந்த வீட்டுல வச்சு மேடம். அங்கே ஒரு ஊரே இலை போட்டு உக்காந்திருக்கு.”

“யார் பண்ணின கூத்து இது?”

“நான்தான்.”

ஃப்ளேவியா அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். பள்ளிக்கூடத்தில் எத்தனை தலைமுறையை அந்த விசில் ஓட விட்டிருக்குமோ, நாற்காலிக்கு அடித்துக்கொண்ட அதே ஆட்கள் பலகையைத் தூக்கினார்கள். இரண்டாவது மாடிப் பல் மருத்துவர் அசுரனின் கிரீடத்தைச் சுமந்தார். கழற்ற ஒரு மணி நேரமாகும் என்று தனியப்ப பூஜாரி சொன்ன மேடை, அவர் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் லாரிக்குள் இருந்தது. பிள்ளையாரைக் கிளப்பும்போது அவர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். ஃப்ளேவியா அம்மாவே ஒரு தேங்காயைக் கொண்டு வந்து, இதை உடைத்தால் அவர் கோபிக்க மாட்டார் என்று சொல்லி வழியனுப்பி வைத்தார்.

சுகலதா லாரி முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். போகவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை; போகாதே என்று கினி மாமே சொன்னார். போனில் திட்டு வாங்குவது தன் வாய்க்கு மரியாதையில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பண்ட்வாள் தாண்டும் வரை தனியப்ப பூஜாரி வெற்றிலை மென்றுகொண்டே வந்தார். அப்புறம் மெதுவாக, தன் தலையில் எல்லாம் இருந்த காலத்தில் ஒருமுறை குழுவை ஆந்திராப் பக்கமே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அவள் சிரிக்காமல் இருக்க வெளியே பார்த்தாள்.

குக்குபெட்டுவில் இருட்டத் தொடங்கியிருந்தது. மேடைக்காரர்கள் பாய்ந்து இறங்கினார்கள். ஆட்டம் இரண்டு மணி நேரம் தாமதமாகும், அவ்வளவுதான் என்று தெரிந்ததும் பந்தலில் பெருமூச்சு கேட்டது. ரை ஜரிகை வேட்டியில் வாசலில் நின்றிருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பாள்.

“பொண்ணே, என் ஊரும் என் ஃப்ளாட்டும் உனக்கு ஒண்ணா?”

“எனக்கு இல்லை ரையரே. நான் வச்ச ஆளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

யார் அந்த ஆள் என்றார். அவள் சொன்னாள். எதைக் காட்டினாலும் சமம் என்று தலையாட்டுகிறவன், அவனை ஊர் பார்க்கும் இடத்தில் வைத்தது தன் சோம்பேறித்தனம் என்று ஒளிக்காமல் சொன்னாள். பெயரை மட்டும் சொல்லவில்லை. ரை கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

“எனக்கும் ஒரு வாட்ச்சர் இருந்தான். சோதனைச் சாவடியில எந்த லாரி வந்தாலும் ‘பர்மிட் இருக்கு சார்’னு சொல்லுவான். அவன் இருந்த வரைக்கும் என் ரேஞ்சுல ஒரு திருட்டுகூடக் கிடையாது, காகிதத்துல. மரமும் கிடையாது.”

“அவனை என்ன பண்ணீங்க?”

“கடற்கரைக்கு மாத்தினேன். அங்கே மரமே இல்லை. நீ உன் ஆளை என்ன பண்ணப் போறே?”

“திங்கக்கிழமை தூக்கிடறேன்.”

சாப்பிட்டாயா என்று கேட்டார். காலையிலிருந்து இல்லை என்றாள். சமையல் தீர்ந்து, பூசணிக்காய் சாம்பாரும் பாயசமும்தான் மீதி இருந்தன. ரையின் மனைவி இலை போட்டு, பரிமாறும்போது நாலு வார்த்தை திட்டவும் செய்தார். கணவர் திட்டாத கணக்கையும் சேர்த்து. சுகலதா இரண்டையும் மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கினி மாம் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். அவள் திரையைக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கீழே, இன்னும் கீழே என்று பார்த்துக்கொண்டே போனார். ராய்ஸ்டனுக்குத் திடீரென்று மின்விசிறியில் ஏதோ பழுது தெரிய, அண்ணாந்துவிட்டான்.

“இது என் வார்த்தை மாதிரி இருக்கே.”

“உங்க வார்த்தைதான் மாம்.”

“எதுக்கு?”

“எதைக் கேட்டாலும் சரின்னு சொல்றவனுக்கு, ஆபீசுல வேற பேர் கிடைக்கலை.”

கினி மாம் திரையை நெருங்கிக் குனிந்தார். எத்தனை இடத்தில் தன்னை வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நூறு இருக்கும் என்றாள்.

“எல்லா இடத்துலயும் பச்சை எரியுதா?”

“எரியுது.”

அவர் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. “அப்ப தப்பு எங்கே?”

“அங்கேதான் மாம்.”

அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலை போயிற்று என்று ராய்ஸ்டன் பையைக் கட்டத் தயாரானான். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். ஒரு வாரம், அதுவரை புது வேலை எதற்கும் வெளியே தலையாட்டக் கூடாது என்றாள். அவர் அந்த வாரம் முழுக்கக் கடையைப் பூட்டியவர் மாதிரி போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அது அவருக்குப் பெரிய தண்டனை.

சுகலதா ஆயித்துவை ஒவ்வொரு இடமாகப் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்கத் திரை சிவந்தது. சிவந்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு தப்பு கிடந்தது: ஆடும் கதையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒருவரின் போன் நம்பர், அடுத்த வருஷத் தேதி ஒன்று போன வருஷத்தில், ஒரே சாயங்காலம் குழுவை இரண்டு ஊருக்கு அனுப்பும் பதிவு. ஊருக்கென்று செய்வதாக இருந்த ஆளை முதலில் செய்தாள். எழுத்து ஒன்றிரண்டு பிசகினால் விட்டுக்கொடுப்பான். ஊரே பிசகினால் விடமாட்டான். நேரத்துக்கு, எண்ணுக்கு, பெயருக்கு எல்லாம் அப்படியே, வளைகிற ஆனால் முதுகெலும்பு உள்ள ஆட்கள். கினி மாம் ஒரு தடவை வந்து, ஒரு இடத்திலாவது தன்னை விட்டு வைக்கக் கூடாதா என்று கேட்டார். கேட்ட விதம் பாவமாக இருந்தது. பதிவு செய்பவர் வாய்க்கு வந்ததை எழுதும் ‘குறிப்பு’ என்ற இடம் ஒன்று இருந்தது. அங்கே யார் என்ன எழுதினாலும் யாருக்கும் கவலையில்லை. அவரை அங்கே விட்டு வைத்தாள்.

அதற்கப்புறம் குழு வழி தவறவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை தவறியது. இரண்டும் லாரிக்காரனின் கைங்கரியம். கத்ரி குடியிருப்பில் அன்று பாதி மேடையைப் பார்த்துவிட்டு ஏமாந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஃப்ளேவியா அம்மா தலைமையில் ஆட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள். தேதி கிடைக்க வருஷக்கணக்காகும். அதுவரை செயலாளர் பதவியை விடமாட்டேன் என்கிறாராம்.

ரை மட்டும் சுகலதாவை விடவில்லை. தன் வாழ்நாளில் தப்பை நேரில் வந்து ஒப்புக்கொண்ட ஒரே கம்ப்யூட்டர்க்காரி என்பதால், எந்த இயந்திரம் முறைத்தாலும் அவளுக்குத்தான் போன். போன மழைக்காலத்தில் ஒரு நாள், பென்ஷனுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று மகன் போனில் முகத்தைக் காட்டினால், இவர் சங்கப்ப ரை இல்லை என்று வருகிறது என்று கூப்பிட்டார்.

“என் மூஞ்சியை என் மூஞ்சி இல்லைன்னு சொல்லுது பொண்ணே. எழுபத்தி ரெண்டு வருஷமா இதே மூஞ்சிதான்.”

அவள் படகுத் துறையில், அக்கரை வீட்டுக்குப் போகும் படகுக்காக, அம்மாவின் மீன் கூடைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வெளிச்சத்துக்கு வாருங்கள், கண்ணாடியைக் கழற்றுங்கள் என்றாள். கழற்றினார். இல்லை என்றது. மீசையைக் கொஞ்சம் கீழே சீவிப் பாருங்கள் என்றாள். அந்தப் பக்கம் ஒரு கனைப்பு கேட்டது.

“அதை மட்டும் கேக்காதே. நான் பெள்தங்கடி பென்ஷன் ஆபீசுக்கு நேர்லயே போய்க் காட்டிக்கறேன்.”

அம்மா யாரடி என்று கேட்டாள். ஒரு பெரிய மனுஷர், தான் யாரென்று நிரூபிக்கப் பெள்தங்கடிக்குப் பேருந்து ஏறுகிறார் என்று சொல்லிவிட்டு, சுகலதா படகில் கால் வைத்தாள்.